அத்தை முகத்தில் விழித்த விஷு

“நாலாம் கிளாசு வரைக்கும் படிச்சாச்சு. இனியும் படிச்சு எந்தச் சர்க்கார் கச்சேரியில போய் நாற்காலி போட்டு இருக்கப் போறா?”

பெரியப்பா இதை என்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடம்கூடக் கேட்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, பொதுவாக முற்றத்தைப் பார்த்துக் கேட்டார். முற்றத்தில் அப்போது ஒரு கோழியும் நானும்தான் நின்றிருந்தோம். கோழி போய்விட்டது. நான் நின்றேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்றால் நாகர்கோவில் பக்கத்தில் இருந்த மிஷன் பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டும். வயல் வரப்பு, அது முடிந்தால் பழையாற்றங்கரை, அப்புறம் பெரிய ரோடு என்று நீண்டு போகிற வழி. பெண்பிள்ளை தனியாகப் போக முடியாது. யார் கொண்டு போய் விடுவது? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வயல் வேலை. அண்ணன் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுத்தை விட மாடுகள் சொன்னபடி கேட்கும் என்று ஏர் பிடிக்கப் போய்விட்டான். அவனுக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே இல்லை. அதனால் நாலாம் வகுப்பு தேறிய நான் வீட்டில் ஒரு பெரிய படிப்பாளியாக இருந்தேன். போதும் என்று எல்லோரும் நினைக்கிற அளவுக்குப் பெரிய படிப்பாளி.

“பிள்ளைய வேதத்துல சேத்துப் போட்டா என்ன செய்வ?” என்று பெரியப்பா இன்னொரு சந்தேகத்தையும் எழுப்பினார். மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் கிறிஸ்தவளாக்கி விடுவார்கள் என்று அதற்கு அர்த்தம்.

அப்பா, “அண்ணன் சொல்லுகதுபோல” என்றார். வீட்டில் எந்தப் பேச்சும் அந்த வார்த்தையில்தான் முடியும். பெரியப்பா அடுத்த வீட்டில் இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் அவர்தான் தலைவர்.

ஆனால் பெரியப்பாவையும் கட்டுப்படுத்துகிற ஒரு நாள் வருஷத்தில் உண்டு என்பது எனக்குத் தெரியும். அது சித்திரை விஷு.

விஷுவுக்குக் கனி காண்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். முந்தின நாள் சாயங்காலமே வீட்டின் நடு அறையில் உருளி நிறைய நெல்லும் அரிசியும் வைத்து, வெள்ளரிக்காய், மாங்காய்க் குலை, பலாப்பழம், கொன்றைப்பூ, புது வேட்டி, அம்மாவின் சங்கிலி, நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அடுக்கி வைப்பார்கள். விடியும்போது குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக் கூட்டிக்கொண்டு வந்து அதன் முன்னால் நிறுத்திக் கண் திறக்கச் சொல்வார்கள். முதலில் எதைக் காண்கிறோமோ அதுபோல அந்த வருஷம் இருக்கும். கனி கண்டு முடிந்ததும் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கைநீட்டம் கொடுப்பார்கள். ஒரு திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு.

இது வரைக்கும் ஊரில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் மட்டும் இன்னொரு சடங்கும் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. கனி கண்ட ஒவ்வொருவரும், கைநீட்டம் வாங்குவதற்கு முன்னால், அந்த வருஷம் தான் செய்யப்போகிற ஒரு காரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரியப்பா அதைக் கேட்டுக் காசைக் கையில் போடுவார். காசு கையில் விழுந்துவிட்டால் சொன்னது உறுதி. சொன்னவர் செய்தாக வேண்டும், மற்றவர்கள் துணை நின்றாக வேண்டும். அடுத்த விஷுவுக்கு, புதுக் காரியம் சொல்வதற்கு முன்னால் பழைய காரியம் என்ன ஆயிற்று என்று கேள்வி வரும்.

யார் சொல்லுகிற காரியத்தையும் பெரியப்பா ஒருநாளும் வேண்டாம் என்று தள்ளியதில்லை. அது காரியம்தானா என்று மட்டும் சோதிப்பார். அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஒரு வருஷம் அம்மா, “எல்லாரும் சீக்கு சங்கடம் இல்லாம இருக்கணும்” என்றாள்.

“அது வேண்டுதலு. சாமிகிட்டச் சொல்லு. உனக்க கையும் காலும் செய்யக்கூடிய காரியத்தச் சொல்லு.”

அம்மா கொஞ்சம் யோசித்து, “கிழக்குச் சாய்ப்புக்குப் புது ஓலை போடணும்” என்றாள். காசு விழுந்தது.

அப்பா ஒருமுறை நல்ல மழை வேண்டும் என்று சொல்லப்போய், “மழை உனக்க வீட்டு வேலைக்காரனாடே? வரப்ப உயர்த்திக் கெட்டணும்ணு சொல்லு” என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வருஷம் மழையும் வந்தது, வரப்பும் நின்றது. இப்போது நான் பாடம் எடுக்கிற இடத்தில் பெரிய பெரிய லட்சியங்களைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம், அப்பாவின் மழையும் பெரியப்பாவின் வரப்பும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

பத்து வயதில் என் திட்டம் இதுதான். கனியின் முன்னால் நின்று, “இந்த வருஷம் நான் அஞ்சாம் கிளாசு படிச்சுத் தேறணும்” என்று சொல்லிவிடுவது. அது வேண்டுதல் இல்லை. படிப்பது நான், நடப்பது என் கால். காரியம் இல்லை என்று பெரியப்பா எப்படிச் சொல்வார்? காசு கையில் விழுந்துவிட்டால் யார் கொண்டுபோய் விடுவது என்பது வீட்டாரின் கவலை. நாலைந்து நாளாக அந்த வாக்கியத்தைக் கன்றுக்குட்டியிடம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அது தலையை ஆட்டிக் கேட்டது.

விஷு அன்று விடியும்போது அம்மா வந்து என் கண்களைப் பொத்தி எழுப்பினாள். பெரியப்பாவும் அப்பாவும் அண்ணனும் கனி கண்டாயிற்று, நடு அறையில் பேச்சுக் குரல் கேட்டது. பாதி வழியில் அம்மா, “விளக்கு மங்குது, எண்ணெய் விட்டுட்டு வாறேன். கண்ணத் தொறக்காத, சுவரப் பிடிச்சிட்டு இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நின்றேன். வாக்கியத்தை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொரு முறை சொன்னேன். அம்மா வரவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. பிறந்து வளர்ந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடு அறைக்குப் போகத் தெரியாதா? சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். எந்த இடத்தில் சுவர் திரும்பியது, எந்த இடத்தில் நான் திரும்பினேன் என்று தெரியவில்லை. கால் எதிலோ இடறியது. விழப்போன என்னை ஒரு கை பிடித்துக்கொண்டது. விழப்போகிறவர் கண்ணைத் திறக்காமல் இருக்க முடியுமா? திறந்துவிட்டேன்.

எதிரே அத்தை. புகை படிந்த அடுக்களை. அவள் மற்றக் கையில் விளக்குமாறு.

அத்தை அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மாமா போய்விட, வெள்ளைச் சேலையோடு இந்த வீட்டுக்குத் திரும்பியவள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. விசேஷ நாட்களில் எல்லாம் முடிகிற வரைக்கும் அவள் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டாள். யாரும் அவளைப் போகச் சொன்னதை நான் கேட்டதில்லை. யாரும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி அவளே முன்கூட்டிப் போய்விடுவாள். விஷுக் காலையில் விதவை முகத்தில் விழிப்பது என்றால் அந்த வருஷமே கெட்டது என்று ஊரில் எண்ணம். அவள் என் எதிரே வரவில்லை. நான்தான் அவள் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

“அய்யோ எனக்க மக்கா! கண்ண மூடு, கண்ண மூடு!” என்று அத்தை கத்தினாள். விளக்குமாற்றைத் தூர எறிந்துவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தைப் பொத்தினாள். சத்தம் போடாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் போட்ட சத்தத்தில் தொழுவில் மாடுகூட எழுந்து நின்றுவிட்டது.

அம்மா ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போய்க் கனியின் முன்னால் நிறுத்தினாள். கொன்றைப்பூவும் பலாப்பழமும் கண்ணாடியில் என் முகமும் தெரிந்தன. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, பெரியப்பாவின் கையைப் பார்த்தேன். அதில் காசு இருந்தது.

“இந்த வருஷம் நான் அஞ்சாம் கிளாசு படிச்சுத் தேறணும்” என்றேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா காசை மடியில் செருகினார்.

“கனி காணாத வாய் சொல்லுகது காரியம் இல்ல” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருக்கலாம். கடையில் செல்லாத காசைத் திருப்பிக் கொடுப்பதுபோல என் வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். “அடுத்த விஷுவுக்கு ஒழுங்கா கண்ண மூடிட்டு வந்து சொல்லு. ஒரு வருஷம் என்ன, ஓடிப்போகும்.”

அடுத்த வருஷம் எனக்குப் பதினொன்று ஆகிவிடும். ஒரு வருஷம் வீட்டில் நின்ற பெண்ணை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய வீடு எங்கள் ஊரில் கிடையாது. அது பெரியப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது அடுக்களை வாசலில் இருந்து, “அண்ணே” என்று ஒரு குரல் வந்தது.

அத்தை நடு அறைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கம், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷுக் காலையில் அவள் அந்த இடம் வரைக்கும் வந்ததே அதுதான் முதல் தடவை.

“அவ கண்ணத் தொறந்து கண்டது என்னையாக்கும். நான் கனி இல்லைதான். ஆனா அவளுக்கு இந்த வருஷம் எனக்க மூஞ்சியிலதானே விடிஞ்சிருக்கு? கெட்டுப் போச்சுண்ணா எல்லாரும் எனக்க தலையிலதானே வைப்பிய? அப்ப அவ சொன்ன காரியமும் எனக்க தலையில இருக்கட்டும். பிள்ளைய நான் கொண்டு போறேன், நானே கொண்டு வாறேன்.”

அப்பா முதல் தடவையாக, “அண்ணன் சொல்லுகதுபோல” என்று சொல்லாமல், “அக்கா சொல்லுகது ஞாயந்தானே அண்ணே” என்றார்.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு எல்லை வழக்கு இருந்தது. நாகர்கோவில் கோர்ட்டில் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. கைநாட்டு வைக்கிறவர்தான் என்றாலும் வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்குச் சட்டத்தில் ஒரு ருசி பிடித்துப் போயிருந்தது. எதிராளி சொன்னதாக இருந்தாலும் வாதம் நன்றாக இருந்தால் அதை ரசிக்காமல் இருக்க அவரால் முடியாது. வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். விட்டத்தைப் பார்த்தார்.

“இது ஒரு பாயிண்டுதான்” என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டான். பெரியப்பா அவனை முறைத்துவிட்டு, “ஆனா ஒண்ணு கேட்டுக்க. பொறுப்பு உனக்கு. பிள்ளை ஒரு நாள் தனியா போச்சு, இல்ல வேற ஆளு கொண்டு போச்சுண்ணு கேட்டேன், அண்ணைக்கே நிறுத்திப் போடுவேன். கைநீட்டம் இப்பக் கிடையாது. காரியம் முடியட்டும்” என்றார்.

இப்படியாக, வைகாசி முடிந்து பள்ளி திறந்தபோது, நானும் அத்தையும் புறப்பட்டோம்.

முதல் நாளே ஒரு விஷயம் புரிந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பி வருகிற ஆண்கள், எதிரே வெள்ளைச் சேலை வருவதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். சிலர் வரப்பில் உட்கார்ந்து கொஞ்சம் இளைப்பாறுவதுபோல நடிப்பார்கள். சிலர் திரும்பி வீட்டுக்குப் போய் ஒரு வாய் வெள்ளம் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். ஒரு மாட்டுவண்டிக்காரன் அத்தையைத் தூரத்தில் கண்டதுமே வண்டியை நிறுத்தி, சக்கரத்தில் ஏதோ கோளாறு பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வான். அவன் வண்டிச் சக்கரத்தைப்போல் தினமும் பரிசோதிக்கப்பட்ட சக்கரம் திருவிதாங்கூரில் வேறு இருந்திருக்காது.

எனக்கு மூக்கு சிவந்துவிடும். அத்தை அசரமாட்டாள். “பாத்தியா மக்கா, ராணி வாறதுபோல எல்லாரும் வழிவிட்டு நிக்கான். சீக்கிரம் நட, அவனுவளுக்கும் வேலை இருக்கும்லா” என்பாள்.

நான் உள்ளே படிக்கும்போது அத்தை பள்ளிக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து ஓலையில் பெட்டி முடைவாள். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். கொஞ்ச நாளிலேயே, சாயங்காலம் மணி அடித்து நான் வெளியே வரும்போது அவள் மரத்தடியில் இருக்கமாட்டாள். வேகவேகமாக எங்கிருந்தோ வந்து சேருவாள். திரும்பி நடக்கும்போது நான் அன்று படித்ததைச் சொல்வேன். கங்கை எங்கே உற்பத்தியாகிறது, பூமி உருண்டை என்பதற்கு என்ன ஆதாரம். அவளும் சொல்லுவாள். கோட்டாற்றுச் சந்தையில் பெட்டி விற்றது, சுசீந்திரத்தில் தேருக்குப் புது வடம் வந்தது, திருவனந்தபுரம் பஸ் புறப்படும்போது கண்டக்டர் எப்படிக் கூவுவான் என்பது. கண்டக்டர் மாதிரியே கூவியும் காட்டுவாள்.

“பஸ்ஸு எங்க போய் நிக்கும் தெரியுமா? கடலு தெரியுமாம் வழியில.”

“அத்தை, எனக்காக வெயில்ல இவ்வளவு அலையணுமா? மரத்தடியில இருக்கலாம்லா?” என்று நான் பெரிய மனுஷியாகக் கேட்பேன். அவள், “ஓ, இருக்கலாம்” என்பாள். மறுநாளும் இருக்கமாட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கமாக இருக்கும். உட்கார இடம் இல்லாமல்தான் சுற்றுகிறாள் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் வரப்புப் பாதை மூழ்கி, உடைமரக் காட்டைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஒரு சாயங்காலம் அத்தை காலில் முள் ஏறியது. காலையில் பார்த்தால் பாதம் பலாக்காய்போல வீங்கி இருந்தது. அம்மா மஞ்சளை அரைத்துச் சுடவைத்துக் கட்டினாள். “மைனி, ஒரு நாளைக்குப் பிள்ளை போகாட்டா என்ன?” என்று மெதுவாகக் கேட்டாள்.

வெளியே பெரியப்பா வந்திருந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு வரமாட்டார். படிப்புரைத் திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்கு வானம் எப்படி இருக்கிறது என்று ஆராய்வதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

“இண்ணைக்கு எப்பிடி?” என்றார் பெரியப்பா.

“மழை விட்டு வானம் வெறிச்சிருக்கு அண்ணே. நடக்க நல்ல நாளு” என்றாள் அத்தை.

வீடு மறைகிற வரைக்கும் நேராக நடந்தாள். ஆற்றங்கரை திரும்பியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முழுப் பாரமும் என்மேல் இருந்தது. நான் அழுதுகொண்டே, “திரும்பிரலாம் அத்தை” என்றேன்.

“ஏட்டி, திரும்புகதுக்கும் நடக்கத்தானே செய்யணும்? அத முன்னால நடப்போம்.”

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. அதே வண்டிக்காரன். அன்றைக்கு அவன் எங்கள் திசையிலேயே போய்க்கொண்டிருந்தான். எங்களைத் தாண்டிப் போனவன் வண்டியை நிறுத்தினான். சக்கரத்தைப் பார்க்கவில்லை. அத்தையின் காலைப் பார்த்தான். கழுத்தைச் சொறிந்தான்.

“அக்கா, ஏறிக்கிடுங்க” என்றான்.

“உனக்குச் சகுனம் பிழைக்காதா?” என்றாள் அத்தை.

அவன் நிஜமாகவே யோசித்தான். “எதிர வந்தாத்தானே பிழைக்கும்? வண்டியில ஏறி இருந்தா எதிர வரமாட்டிய பாத்தியளா” என்றான்.

அத்தை அந்தக் கால் வலியிலும் சிரித்த சிரிப்பில் மாடுகள் காதை நிமிர்த்தின. வைக்கோல்மேல் ஏறி உட்கார்ந்தோம். கால் ஆறுகிற வரைக்கும் அவன் எங்களுக்காகவே அந்த நேரம் பார்த்து வண்டியைக் கட்டினான். வேறு ஆள் கொண்டுபோனால் நிறுத்திவிடுவேன் என்று பெரியப்பா சொன்ன நிபந்தனை எனக்குப் பயமாகவே இருந்தது. அத்தை, “கொண்டு போறது நான்தான், என்னையும் சேத்துக் கொண்டு போறது மாடு. மாடு ஆளா?” என்று அதற்கும் ஒரு பாயிண்டு வைத்திருந்தாள். பெரியப்பா கேள்விப்பட்டிருப்பார். கேட்கவில்லை.

பங்குனியில் பரீட்சை முடிந்து நான் தேறினேன். அடுத்த விஷு வந்தது. இந்த முறை அம்மா என் கண்ணைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. பெரியப்பா பழைய கணக்கைக் கேட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் புது மாடு பழக்குவதாகச் சொன்னது பாதியில் நின்றது. அப்பா வெட்டுவதாகச் சொன்ன கிணற்றில் பாறை வந்தது. பெரியப்பாவின் வழக்கு தள்ளி வைக்கப்பட்டது. முடிந்த காரியம் என் ஒருத்தியுடையது மட்டும்தான். நான் கழுத்தை நிமிர்த்தி நின்றேன். அவர் மடியிலிருந்து இரண்டு காசு எடுத்தார், ஒன்று போன வருஷத்துக்கு.

“இந்த வருஷம்?”

“ஆறாம் கிளாசு.”

பெரியப்பா அடுக்களைப் பக்கம் திரும்பி, “பொறுப்பு யாரு?” என்று குரல் கொடுத்தார்.

“பழைய ஆளுதான்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வீடே சிரித்தது. அத்தை வெளியே வரவில்லை. அவளிடம் அவளுடைய காரியம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்கு ஆறாம் வகுப்புதான் கண்ணில் நின்றது.

அத்தை என்னை ஏழாம் வகுப்பு வரை அழைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. பெரியப்பாவின் பேத்திகள் இரண்டு பேர், பிறகு தெற்குத் தெருவிலிருந்து மூன்று பேர் என்று அவள் பின்னால் ஒரு வரிசை சேர்ந்தது. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற வீட்டில், “அவ கூடத்தானே போகுது” என்றால் பேச்சு முடிந்தது. நான் விடுதியில் தங்கி மேலே படித்து, டிரெயினிங் முடித்து, டீச்சராகிவிட்டேன்.

போன வருஷம் எனக்கு ஒரு லட்சியம் இருந்தது. எங்கள் ஊரிலேயே பெண்பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பு வரை பள்ளி வர வேண்டும். வேண்டுதலாக வைத்திருக்கவில்லை, காரியமாகச் செய்தேன். மனு எழுதினேன், இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன், பெரியப்பாவிடமே பேசி அவருடைய களத்தில் ஓலைக் கொட்டகைக்கு இடம் வாங்கினேன். அனுமதி வந்த அன்று வீட்டுக்கு ஓடினேன். அத்தை வெயிலில் உட்கார்ந்து ஓலை கீறிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, இனிமே நம்ம ஊருப் பிள்ளைய யாரும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். நீங்களும் வீட்டுல காலை நீட்டி நிம்மதியா இருக்கலாம்.”

“நல்ல காரியம் மக்கா. ரொம்ப நல்ல காரியம்” என்றாள் அத்தை. ஓலையைக் கீறினாள். கீறிய ஓலையை அடுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

“அப்ப இனி நான் எங்க போகதுக்கு?”

பத்து வயதில் அந்தப் பாதையை நான் படிப்புக்குக் கொடுத்த விலை என்று நினைத்திருந்தேன். எனக்காக அவளும் சேர்ந்து கொடுத்த விலை என்று நினைத்துத்தான் இரக்கப்பட்டேன். அடுக்களையிலேயே பதினைந்து வருஷம் இருந்த ஒருத்தி, வெளியே போக ஒரு காரணம் கிடைக்குமா என்று காத்திருந்திருப்பாள் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. கத்திக்கொண்டு என் முகத்தைப் பொத்திய அந்த நிமிஷத்துக்கும், வாசற்படி வரைக்கும் வந்து “அண்ணே” என்று கூப்பிட்ட நிமிஷத்துக்கும் நடுவில் அவள் என்ன நினைத்தாள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஊர்ப் பள்ளி வரும் மாதம் திறக்கிறது. என்னோடு டிரெயினிங்கில் படித்த நெய்யூர்ப் பெண் அங்கே டீச்சராக வருகிறாள். பெரியப்பா, “நீ ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்த விட்டுட்டு நீ எங்க போற?” என்று கேட்டார். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அத்தையும் என்னோடு வருகிறாள் என்று சொன்னேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

போன சனிக்கிழமை வீடு பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்தின் மதிலை ஒட்டியே ஒரு நல்ல வீடு காலியாக இருந்தது. தலைமையாசிரியை அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் வட்டக்கோட்டைப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி தனியாக நிற்கிற ஒரு சின்ன ஓட்டு வீட்டின் சாவியை வாங்கி வந்திருக்கிறேன். அங்கிருந்து பள்ளிக்கூடம் நல்ல தூரம்.